திருவிழா இருக்கிறது, பங்கு எங்கே?

புலம்பெயர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் திருவிழா இருக்கிறது, பங்கு இல்லை. இதைச் சொன்னவுடன் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசிவரை வாசித்துவிட்டு எங்களோடு சண்டைக்கு வரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியிலுள்ள கேவலாருக்குப் போய்ப் பாருங்கள். நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிறிய நகரத்துக்கு 1642ம் ஆண்டு தொடக்கம் யாத்திரிகர்கள் வருகிறார்கள். துன்பப்படுவோருக்கு ஆறுதலான மாதா என்று அந்த மாதாவுக்குப் பெயர். வருடத்தில் ஒருநாள் அந்த நகரத்தின் தெருக்கள் தமிழ்த் தெருக்களாகிவிடுகின்றன. பிரான்சிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் சுவிசிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் வந்து இறங்குகிறது. சைவர்களும் வருகிறார்கள். பட்டுச் சேலை, பிள்ளைகளின் தள்ளுவண்டில், சோற்றுப் பார்சல், பத்து வருடம் காணாத ஊரவர். சுவிஸ்காரருக்கு மரியஸ்ரைன் இருக்கிறது. கனடாக்காரருக்கு மிட்லண்ட் இருக்கிறது. எல்லோருக்கும் லூர்து இருக்கிறது. மடுவுக்குப் போக முடியாமற் போன ஒரு சனம், போன இடத்திலெல்லாம் ஒரு மடுவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. இதை நாங்கள் கேலி செய்யமாட்டோம். இழந்ததை நினைத்து அழுவதற்கு ஒரு வெளி வேண்டும். அந்த வெளியை அந்த ஒருநாள் கொடுக்கிறது.

எங்கள் கேள்வி அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. திங்கட்கிழமை காலையில் அந்தச் சனத்துக்கு என்ன நடக்கிறது? அடுத்த வருடம் பஸ் ஏறும்வரை அவர்களின் விசுவாசம் எங்கே வசிக்கிறது? யாரோடு வசிக்கிறது?

இலக்கியச் சஞ்சிகையில் கோவில் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களில் சிலர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். சிலர் குடும்பத்தை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடிக்கிறவர்கள். ஆனால் இந்தக் குளிர் நாடுகளில் எங்கள் சனம் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பங்கு அப்படியொரு இடம். அது இல்லாமற் போவதை விசுவாசிகளின் சொந்தப் பிரச்சினை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட முடியாது.

*

பங்கு என்ற சொல்லையே பாருங்கள். காணியில் பங்கு, கரைவலையில் பங்கு என்று நாங்கள் சொல்கிற அதே சொல்தான். வலை இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. இழுக்க முடியாமல் வருத்தமாய்க் கிடப்பவனின் வீட்டுக்கும் ஏதோ ஒன்று போகும். கோவிலைச் சுற்றி வாழ்ந்த சனத்துக்கு எங்கள் முன்னோர் இந்தச் சொல்லைப் பொருத்தமில்லாமலா பாவித்தார்கள்? பங்கில் இருப்பவர் பார்வையாளர் அல்ல. அவருக்குக் கடமையும் உண்டு, உரித்தும் உண்டு.

ஊரில் அது எப்படி நடந்தது? காலையில் மணி, மத்தியானம் மணி, பொழுதுபட மணி. ஒரு வீட்டில் உயிர் போனால் அதற்கு வேறு மணி; எந்த வீடு என்று கேட்கச் சனம் படலைக்கு வரும். பொழுதுபட்டதும் விளக்கைச் சுற்றியிருந்து செபமாலை. நித்திரை தூங்கி விழுகிற பிள்ளைகளின் தொடையில் அம்மம்மா கிள்ளுவா. ஞானோபதேசம் படிப்பிக்க உபதேசியார். கோவில் கணக்கு வழக்குக்கு மூப்பர். வருத்தக்காரரைப் போய்ப் பார்க்க மரியாயின் சேனைக்காரர். அரிசியில்லாத வீட்டுக்கு, இருட்டின பிறகு, அயலுக்குத் தெரியாமல் போக வின்சன் டி போல் சபைக்காரர். தபசு காலம் வந்தால் பாஸ்கு. திருவிழா வந்தால் அண்ணாவியார் பழக்கிய கூத்து. பாசையூரிலும் குருநகரிலும் இரவெல்லாம் கடலில் நின்றவர்கள்தான் இவ்வளவையும் நடத்தினார்கள்.

இதில் குருவானவர் எங்கே? அவரும் இருந்தார். ஆனால் பல இடங்களில் நாலைந்து கோவிலுக்கு அவர் ஒருவர். அவர் வந்தால் பூசை. வராத நாட்களைச் சனம்தான் நடத்தியது.

ஊர்ப் பங்கைச் சொர்க்கமாக்கிக் காட்ட நாங்கள் வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கோவில்களுக்குள் யார் எங்கே இருப்பது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. ஒரே நற்கருணையை வாங்கியவர்கள் வெளியே வந்து வேறு வேறு கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். அதை மறைத்துவிட்டு ஊர்ப் புராணம் பாடுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இருந்தும் அந்தப் பங்குக்கு ஒரு வலு இருந்தது. அது தினசரி வாழ்க்கையில் இருந்தது. சண்டையும் அதற்குள்தான், சமாதானமும் அதற்குள்தான்.

அந்த வலுவின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு எங்கள் சரித்திரமே சாட்சி. 1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கோவில்கள் பறிபோயின. குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. 1670ல் மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுக்குள் போனதுதான் மடுவின் தொடக்கம் என்பது எங்கள் மரபு. எங்கள் பெரிய யாத்திரைத் தலம் அகதிகள் தொடக்கியது என்பதை மறந்துவிட வேண்டாம். 1687ல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அந்த மாலையைக் கண்டு யாருடைய கண் மாறுகிறது என்று பார்த்தார். அப்படித்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கி ஊழியத்தைத் தொடங்கினார்.

1658க்கும் 1687க்கும் இடையில் 29 வருடங்கள். நிலையாகத் தங்கிய ஒரு குருவானவர் இல்லை, கோவில் இல்லை, பூசை இல்லை. அவர் வந்தபோது கண்டுபிடிப்பதற்கு ஆட்கள் எப்படி மிஞ்சியிருந்தார்கள்? தாய்மார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். அயலவர்கள் கதவைச் சாத்திவிட்டு ஒன்றாக இருந்து செபித்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டி வந்தால் வீட்டிலுள்ளவர்களே கொடுத்தார்கள். ஒரு தலைமுறை முழுவதும் வீட்டுக்குள்ளேயே பங்கு உயிரோடு இருந்தது. யோசேவாஸ் அடிகளை 2015 ஜனவரி 14ந் திகதி கொழும்பில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். எல்லோரும் மகிழ்ந்தோம். அவரைக் காத்திருந்து வரவேற்ற பெயர் தெரியாத அந்தச் சனத்துக்கு ஒரு திருநாளும் இல்லை. நாங்கள் அவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் இன்று, மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசை இல்லாவிட்டால் எங்கள் விசுவாசம் அழிந்துபோகும் என்கிறார்கள்.

*

தமிழ் ஆன்மீகப் பணியகங்கள் எப்படி வந்தன என்பதை நாங்கள் அறிவோம். 1983க்குப் பின்னர் அகதிகளாக வந்து இறங்கிய பெடியளுக்கு மொழி தெரியாது, விசா இல்லை, முகாமில் பனி. அந்த நேரத்தில் ஒரு குருவானவர் பழைய காரில் நகரம் நகரமாக ஓடிப்போய்த் தமிழில் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், தஞ்ச வழக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். புலம்பெயர்ந்தோருக்கு அவரவர் மொழியில் மேய்ப்புப் பணி வேண்டும் என்று பாப்பரசர் 12ம் பத்திநாதர் 1952லேயே திருமடல் எழுதியிருந்தார். அந்த ஏற்பாடு வந்தவரை இந்த மண்ணில் காலூன்ற வைப்பதற்கானது. நாற்பது வருடமாகக் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பதற்கானது அல்ல.

இன்று அந்தப் பணியகங்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரு குருவானவர், அவருக்கு முன்னூறு கிலோமீற்றர் நீளமான பங்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரவல் கோவில், பின்னேரம் 3 மணி. பூசை முடிய ரோல்ஸ், தேத்தண்ணி, அடுத்த யாத்திரைக்கு பஸ் காசு சேர்ப்பு. பிறகு அடுத்த மாதம். குருவானவரை நாங்கள் குறை சொல்லவில்லை. பாவம், அந்த மனிதர் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடி முடிவதற்கிடையில் வருடம் முடிந்துவிடுகிறது. சனம் அவரைச் சடங்கு செய்பவராக்கி வைத்திருக்கிறது. சடங்கு செய்ய ஒருவர் இருந்தால் தங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்று நினைக்கிறது.

சடங்கு என்று சொன்னபடியால் முதல் நன்மையையும் சொல்லவேண்டும். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மந்திரங்களை அந்த நாட்டு எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறார்கள். பிள்ளை பொருள் விளங்காமல் ஒப்புவிக்கிறது. பிறகு மண்டபம். முன்னூறு பேருக்குச் சாப்பாடு, மேடை, மூன்று தட்டுக் கேக், அன்று வீடியோக்காரர், இன்று வானத்தில் பறக்கிற கமரா. சீட்டெடுத்த காசு ஒருநாளில் கரைகிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை எங்கே? இரண்டாம் நன்மை எப்போது? இந்தக் கேள்வியைக் கேட்கும் மறையாசிரியைகளுக்குத் தாய்தகப்பனிடமிருந்து கிடைக்கும் பதில் எங்களுக்குத் தெரியும்: "பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, ரீச்சர்."

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சொன்னது. அந்தச் சொல்லைப் பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. மண்டபத்துக்குச் செலவழித்த காசில் அந்த இல்லத் திருச்சபைக்கு என்ன மிஞ்சியது?

*

இனி இந்த நாட்டுப் பங்குக்கு வருவோம். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு கோவில் இருக்கிறது. அதன் மணி எங்கள் யன்னலுக்குக் கேட்கிறது. ஆனால் அது "வெள்ளைக்காரன்ரை கோவில்." அங்கே குளிர், ஒருவரும் கதைக்கமாட்டார்கள், பாட்டும் பிடிபடாது. இதுதான் எங்கள் ஆட்களின் நியாயம்.

இந்த நியாயத்தில் பாதி சரி. அவர்களும் எங்களை விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்கள். மண்டபத்தின் திறப்பைத் தந்தார்கள். கூடவே எப்படிக் கூட்டித் துடைக்க வேண்டும் என்று ஒரு கடதாசியும் தந்தார்கள். பங்குத் திருநாளுக்கு எங்களிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: கறியும் சோறும். கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் எங்கள் பெயர் தேவைப்படும். நோர்வேயில் மதச் சமூகங்களுக்கு அங்கத்தவர் தொகைக்கேற்ப அரச மானியம் கிடைக்கிறது. ஒஸ்லோ மறைமாவட்டம் தொலைபேசிப் பதிவில் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி, ஆட்களைக் கேளாமலே அங்கத்தவராகப் பதிந்தது என்று குற்றச்சாட்டு எழுந்து, 2015ல் பொலிஸ் விசாரணை நடந்தது. பெயரை எண்ணினார்கள், அந்தப் பெயருக்குரிய ஆளைத் தேடிக் கதவைத் தட்டியவர் எத்தனை பேர்?

மற்றப் பாதி எங்களுடையது. ஜேர்மனியில் வேலை செய்யும் ஒவ்வொரு கத்தோலிக்கரும் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைத் திருச்சபை வரியாகக் கட்டுகிறார். சம்பளச் சீட்டில் அது எழுதியிருக்கிறது. அந்தப் பங்குகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை பங்குச் சபைத் தேர்தல் நடக்கிறது. அதில் வாக்களிக்க அந்த நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. அங்கே வசிக்கிற, வயது வந்த கத்தோலிக்கராக இருந்தால் போதும். காசு கட்டுகிறோம், வாக்குப் போடுவதில்லை. பிறகு எங்களை மதிப்பதில்லை என்று முறைப்படுகிறோம். ஊர்ச்சங்கத் தலைவர் தெரிவுக்கு இரண்டு மணித்தியாலம் ரயிலில் போய் வாக்குப் போட்டு, சண்டையும் பிடித்துவிட்டு வருகிறவர்கள், அடுத்த தெருவிலுள்ள பங்குச் சபையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதேயில்லை.

அந்தக் கோவில்களும் இப்போது வெறுமையாகின்றன. 2022ம் ஆண்டில் மட்டும் ஜேர்மனியில் 5 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கத்தோலிக்க திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள். வரி மிச்சம் பிடிக்கத்தான் போனார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எல்லோரும் அதற்காகப் போகவில்லை. 1946 தொடக்கம் 2014 வரை 3,677 சிறுவர் சிறுமியர்மீது 1,670 குருக்களும் துறவியரும் பாலியல் வன்முறை புரிந்ததாக ஆயர் பேரவையே நியமித்த ஆய்வு 2018ல் வெளியிட்டது. கோப்புகளில் அகப்பட்டவை மட்டும் இவ்வளவு. இதைப்பற்றித் தமிழ்ப் பூசைகளில் ஒரு வார்த்தை பேசப்படுகிறதா? அது வெள்ளைக்காரரின் பிரச்சினை என்ற நினைப்பு. பிள்ளையைக் கோவிலுக்கு அனுப்புகிற தாய்தகப்பனுக்கு, யார் அங்கே நிற்கிறார்கள், என்ன பாதுகாப்பு என்று கேட்க உரிமையுண்டு என்பதைச் சொல்லிக் கொடுக்காத பங்கு எந்த மொழியில் பூசை வைத்தும் பயனில்லை.

கிழமை நாளில் அந்தக் கோவிலுக்குள் போனால் பத்துப் பேர் இருப்பார்கள். பெரும்பாலும் வயோதிபப் பெண்கள், ஆளுக்கொரு வாங்கில். அதே தெருவில், ஏழாம் மாடியில், எங்கள் அம்மா ஒருவர் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை தொலைக்காட்சியோடு தனியே இருக்கிறா. கையில் செபமாலை. கீழே அதே மாதாவின் சொரூபத்துக்கு முன்னால் அந்தக் கிழவியின் கையிலும் செபமாலை. இரண்டு பேருக்கும் ஒரு மொழியில்லை. ஆனால் செபமாலையில் எந்த மணியில் நிற்கிறோம் என்று விளங்க மொழி எதற்கு? இரண்டு தனிமைகள் ஒரே தெருவில் இருபது வருடமாக ஒன்றையொன்று காணாமல் வாழ்ந்துவிட்டுச் சாகின்றன.

*

பங்கு இல்லாவிட்டால் யார் விழுகிறார்கள்? வசதியானவர் விழுவதில்லை. அவருக்கு மண்டபம் இருக்கிறது. அடி வாங்குகிற பெண் விழுகிறாள். அவளுக்கு உறவென்று சொல்ல இங்கே புருஷனுடைய ஆட்கள் மட்டும்தான். தஞ்சம் நிராகரிக்கப்பட்டவர் விழுகிறார். இரவு வேலையும் பகல் வேலையும் செய்து கடன் கட்டுகிற இளைஞன், ஒருநாள் அறைக் கதவைப் பூட்டிவிட்டுத் திறக்காமல் விடுகிறான். செத்தவீட்டுக்கு ஐந்நூறு பேர் வருகிறார்கள், மலர்வளையம் வாசல்வரை நிற்கிறது. அவன் உயிரோடு இருந்தபோது அந்தக் கதவைத் தட்ட ஐந்து பேர் இல்லை.

இன்னொரு கூட்டம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எண்பதுகளில் வந்த பெடியள் இன்று முதியோர் இல்லங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். மறதி நோய் வந்தால், பிறகு படித்த மொழி முதலில் போய்விடும். தாய்மொழி கடைசிவரை நிற்கும். முப்பது வருடம் பேசிய டொச்சும் பிரெஞ்சும் போய், தாதிக்கு விளங்காத தமிழில் தண்ணி கேட்கிற ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் விளக்கடியில் சொன்ன செபம் மட்டும் அவருக்கு முழுதாக ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்து மற்றப் பாதியைச் சொல்ல ஒருவர் வேண்டும். கேவலாருக்கு பஸ் விடுகிறவர்களிடம் கேட்கிறோம்: அந்த இல்லத்துக்கு யார் போகிறார்கள்?

ஊரில் ஷெல் விழுந்தபோது சனம் ஏன் கோவிலுக்கு ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். 1995 ஜூலை 9ந் திகதி நவாலி புனித பேதுருவானவர் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1999 நவம்பரில் மடுக் கோவிலில் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் மாண்டார்கள். கோவிற் கூரை குண்டைத் தாங்கும் என்று எவரும் நம்பியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் திறந்திருந்த கதவு அது. கால் பழகிய வழி அது. சனத்தோடு நின்ற குருக்களும் இருந்தார்கள். அல்லைப்பிட்டிப் பங்கின் ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஓகஸ்டில் காணாமற் போனார். பிரான்சிஸ் யோசப் அடிகள் 2009 மே மாதத்தில் சரணடைந்தவர்களோடு போனார்; திரும்பவில்லை. எந்த அழைப்பிதழும் அந்த உறவை உண்டாக்கவில்லை. சாதாரண செவ்வாய்க்கிழமைகள் உண்டாக்கிய உறவு அது. இங்கே ஒரு அந்தரம் வந்தால் எங்கள் கால் எந்த வழியில் ஓடும்?

*

எங்களுக்குச் சொல்லப்படப்போகும் பதில்களும் தெரியும்.

தமிழ் அழிந்துபோகும் என்பார்கள். மாதத்தில் ஒரு பூசையாலா தமிழ் வாழ்கிறது? வீட்டில் பேசினால் வாழும். தமிழ்ப் பூசையை நிறுத்தச் சொல்லி நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. அது மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறோம். எங்களிடம் வந்த யோசேவாஸ் அடிகளின் தாய்மொழி கொங்கணி. எங்களுக்காக அவர் தமிழ் படித்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் கோவாக்காரர்தான். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தனிநாயகம் அடிகள் பல மொழிகளைக் கற்றார். 1966ல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்கு முன்னின்றவரும் அவர்தான். பிற மொழி படித்தால் தமிழ் போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. அயலவனோடு செபிக்க அயலவனின் மொழியைப் படிப்பது எங்கள் மரபுக்குப் புதிதல்ல.

நேரமில்லை என்பார்கள். கடலுக்குப் போன சனத்துக்கு நேரம் இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறோம்.

சுவாமி வரவில்லை என்பார்கள். 29 வருடக் கதையை மறுபடி வாசிக்கச் சொல்வோம்.

எங்கள் ஆட்கள் வேறு, அவர்கள் வேறு என்பார்கள். இந்தப் பதிலைத்தான் நாங்கள் கூடுதலாகச் சந்தேகிக்கிறோம். "எங்கள் ஆட்கள்" என்பதற்குள் எத்தனை வேலி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரின் பாதுகாவலருக்கும் பாரிசிலும் லண்டனிலும் தனித் தனித் திருநாள். "தம்பி ஊரில எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எதை அளக்கக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கோவிலில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்குகிறார்கள். சம்பந்தம் என்று வந்தால் கையை இழுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை ஆபிரிக்கக் கத்தோலிக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தால் விசுவாசம் எங்கே போய்விடுகிறது? அந்த வேலியை இங்கேயும் இறக்குமதி செய்துவிட்டு அதைப் பண்பாடு என்று காப்பாற்றும் பங்கு எங்களுக்கு வேண்டாம்.

அப்படியானால் என்ன வேண்டும்? பெரிய திட்டம் ஒன்றும் எங்களிடம் இல்லை.

வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வேண்டும். தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு விளங்கும் மொழியில் ஒரு பாதி, எங்கள் மொழியில் ஒரு பாதி. பிள்ளை கேள்வி கேட்டால் கிள்ள வேண்டாம். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடலாம். நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள ஆறேழு வீடுகள் கிழமைக்கு ஒருமுறை ஒரு வீட்டில் கூட வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு அன்பியம் என்று பெயர். ஊர் பார்க்காமல், சாதி பார்க்காமல், பக்கத்து வீட்டுப் போலந்துக்காரியையும் கொங்கோக்காரரையும் விடாமல். சோடனை வேண்டாம், ரோல்ஸ் வேண்டாம். வெறும் தேத்தண்ணி போதும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்குச் செலவுப் பயம் வந்துவிடும். முதல் நன்மைக்கு முன்னூறு பேரை நூறாகக் குறைத்து, மிஞ்சும் காசை ஒரு பொதுப் பெட்டியில் போடலாம். வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறவருக்கு ரயில் காசு அதிலிருந்து போகட்டும். முதியோர் இல்லத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் யார் எந்தக் கிழமை போவது என்று ஒரு கடதாசியில் எழுதிச் சமையலறையில் ஒட்ட வேண்டும். இருக்கிற இடத்துப் பங்கில் பெயரைப் பதிந்து, வாக்குப் போட்டு, பங்குச் சபையில் ஒரு கதிரையில் இருக்க வேண்டும். கறி காய்ச்சுகிறவராக மட்டும் அல்ல. வரவு செலவைக் கேள்வி கேட்கிறவராக.

முதல் கிறிஸ்தவர்கள் வீடு வீடாக அப்பம் பிட்டு, இருந்ததைப் பகிர்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. அவர்களிடம் மண்டபமும் இருக்கவில்லை, பஸ்ஸும் இருக்கவில்லை.

யாத்திரைக்குப் போங்கள். மாதாவிடம் அழுங்கள். திரும்பி வந்த திங்கட்கிழமை, உங்கள் தெருக் கோவிலின் கதவில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள். கிழமை நாள் பூசை எத்தனை மணிக்கு, வருத்தக்காரரைப் பார்க்கும் குழு எப்போது கூடுகிறது, பங்குச் சபைத் தேர்தல் எந்த மாதம் என்று அதில் எழுதியிருக்கும். ஏழாம் மாடியில் இருக்கும் அம்மாவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். முன் வாங்கில் இருக்கும் கிழவி கொஞ்சம் ஒதுங்கி இடம் தருவா.